காற்றை உண்ட உயிர்: பச்சோந்தியின் நோயை மனிதர் அடையாளங்காணக் கற்ற வரலாறு

கி.பி. 77ஆம் ஆண்டளவில் ரோமானிய அறிஞர் பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலின் எட்டாம் பகுதியில் பச்சோந்தியைப் பற்றிச் சில வரிகள் எழுதினார். அது தலை நிமிர்ந்து நிற்கும். வாயை எப்போதும் திறந்தே வைத்திருக்கும். உணவும் நீரும் கொள்ளாமல் காற்றை மட்டும் உட்கொண்டு வாழும் ஒரே விலங்கு அதுவே. இவை அவர் தரும் செய்திகள். இவ்வரிகள் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஐரோப்பிய நூல்களில் படியெடுக்கப்பட்டன. கவிஞர்கள் அவற்றை உவமையாக்கினர். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியச் சட்ட அறிஞர் அல்சியாத்தோ, வாய் பிளந்து காற்றுண்ணும் பச்சோந்தியை முகத்துதி செய்வோரின் சின்னமாக்கினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டும் தான் பச்சோந்தியின் உணவையே உண்பதாகக் கேலி பேசுகிறான்.

பிளினியின் அதே வரிகளை இன்றைய ஊர்வன மருத்துவர் ஒருவர் வாசித்தால் அவருக்கு வேறொரு செய்தி புலப்படும். வாய் ஓயாமல் திறந்திருக்கிறது, இரை எடுக்கவில்லை, நீர் அருந்தவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் பச்சோந்தியின் உரிமையாளர்கள் முதலில் சொல்லும் முறையீடுகள் இவையே. அளவுக்கு மீறிய வெப்பமோ மூச்சுக்குழாய்த் தொற்றோ வாய் திறந்திருப்பதற்குக் காரணமாகலாம். உண்ணாமையும் நீர் மறுத்தலும் பயணக் களைப்பு, அச்சம், ஒட்டுண்ணி, உடல் வறட்சி ஆகியவற்றின் விளைவாகலாம். பண்டைய உலகம் ஓர் உயிரினத்தின் இயல்பு என்று பதிந்துவைத்தது, சிறைப்பட்ட விலங்கு ஒன்றின் நோய்க்குறிப்பாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் இங்கே எழுகிறது.

பிளினி வருணித்த விலங்கு எந்த நிலையில் இருந்தது என்பதை மெய்ப்பிக்கச் சான்றில்லை. ஆயினும் இவ்வையம், பச்சோந்தியைப் பற்றிய அறிவின் வரலாற்றைப் புதிதாக வாசிக்க ஒரு திறவுகோலாகிறது. மனிதர் அருகிலிருந்து நெடுநேரம் கவனித்த பச்சோந்திகளிற் பெரும்பாலானவை பிடிபட்டு, கடல் கடந்து, குளிர்நாட்டின் அறையொன்றில் மெல்ல இறந்துகொண்டிருந்தவை. ஆகவே அவற்றின் நோயை அடையாளங்காணும் முயற்சி, 'எது இயல்பு, எது நோய்' என்ற கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

1. மெதுவாக நிகழும் இறப்பு

காற்றுணவுக் கதை நெடுங்காலம் நிலைத்ததற்கு உடலியல் காரணம் ஒன்று உண்டு. பச்சோந்தி தன் உடல் வெப்பத்தைச் சூழலிலிருந்து பெறும் உயிர். பாலூட்டியோடு ஒப்பிட அதன் ஆற்றல் தேவை மிகக் குறைவு. ஆகவே உணவின்றிப் பல வாரங்கள் அது உயிர்தரித்திருக்கும். ஒரு நாயோ குருவியோ அப்படி இருக்க இயலாது. நீரையும் அது கிண்ணத்திலிருந்து பருகுவதில்லை; இலைகளின் மேல் தங்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கியே அருந்தும். கிண்ணத்து நீரைத் தொடாமல், வைத்த உணவைத் தீண்டாமல், நாற்பது நாள் உயிரோடு நிற்கும் விலங்கைக் காண்பவர், அது காற்றை உண்கிறது என்று முடிவுசெய்தால் வியப்பில்லை. அவர் கண்டது மெதுவாக நிகழ்ந்த ஓர் இறப்பு. அதன் மெதுவான போக்கே அதை வாழ்க்கை என்று தோன்றச் செய்தது.

பிளினிக்கு நான்கு நூற்றாண்டுகள் முந்திய அரிஸ்டாட்டில் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. 'விலங்குகளின் வரலாறு' நூலின் இரண்டாம் பகுதியில் அவர் பச்சோந்தியின் தனித்தியங்கும் கண்களையும், இரு கூறாகப் பிரிந்த பாதங்களையும், நிறமாற்றத்தையும் நுட்பமாக விவரிக்கிறார். காற்றுணவு பற்றி அவர் பேசவில்லை. ஆனால் அதன் உடலில் தலை, தாடை, வாலின் அடி ஆகிய இடங்களைத் தவிர வேறெங்கும் தசை இல்லை என்று எழுதுகிறார். பச்சோந்தி இயல்பாகவே பக்கவாட்டில் தட்டையான, ஒல்லியான உயிர்தான். எனினும் நன்கு உண்ட பச்சோந்தியின் கால்களிலும் வாலிலும் தசை தெளிவாகத் தெரியும். அரிஸ்டாட்டிலின் வருணனை மெலிந்துபோன உடலொன்றை நினைவூட்டுகிறது.

1646இல் வெளியான தம் நூலில், ஆங்கில மருத்துவர் தாமஸ் பிரவுன் மக்களிடையே பரவியிருந்த பொய்நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். காற்றுணவுக் கதைக்கு அவர் தந்த மறுப்பு உடற்கூற்றின் அடிப்படையில் அமைந்தது. இரைப்பையும் குடலும் நாவும் உள்ள ஓர் உயிர் காற்றை மட்டும் உண்டு வாழ்வதென்றால், அவ்வுறுப்புகளை இயற்கை வீணே படைத்ததாக ஆகும் என்பது அவர் வாதம். பிளினி குறித்த திறந்த வாயையும் அவர் விட்டுவிடவில்லை. பச்சோந்தியின் நுரையீரல் பெரிது. அதை நிரப்ப மூக்குத்துளை போதாமையால் அது வாயைத் திறக்கிறது. அதைக் கண்டவர்கள் காற்றை உண்பதாகக் கருதிவிட்டனர் என்று விளக்கினார். உண்ணும் செயலாகக் கருதப்பட்டது மூச்சுவிடும் செயலாக மாறியது. ஆனால், ஓய்ந்திருக்கும் பச்சோந்தி மூக்கின் வழியே மூச்சுவிடப் போதுமானதாயிற்றே, வாய் ஏன் திறக்க வேண்டும் என்ற அடுத்த கேள்வியை அவர் எழுப்பவில்லை. அது மருத்துவக் கேள்வி. அதற்கு இன்னும் மூன்று நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

2. அறுவை மேசையும் வளர்ப்பறையும்

17ஆம் நூற்றாண்டின் பிரான்சு நாட்டில் பச்சோந்தியைப் பற்றிய அறிவு இரு வேறு வழிகளில் வளர்ந்தது. 1630களில் ப்ரொவான்ஸ் பகுதியின் அறிஞர் பைரெஸ்க் பச்சோந்திகளை வரவழைத்துத் தம் இல்லத்தில் வைத்துக் கவனித்தார். 1668இல் பாரிஸ் அறிவியல் அகாதெமி உயிருள்ள பச்சோந்தியொன்றைப் பெற்றது. லூவர் அரண்மனையின் கீழைமுகப்பு அமைப்பில் பங்கேற்ற கிளோத் பெரோ மருத்துவரும் ஆவார். அவர் தலைமையில் அகாதெமியினர் அவ்விலங்கை உயிரோடு கவனித்து, இறந்தபின் அறுத்து ஆராய்ந்தனர். 1669இல் பச்சோந்தி, கொறிவிலங்கு வகையைச் சேர்ந்த பீவர், ஒற்றைத் திமில் ஒட்டகம், கரடி, நவ்வி மான் ஆகிய ஐந்தின் உடற்கூற்று விவரணை நூலாக வெளிவந்தது. காற்றுணவுக் கருத்தை அந்நூல் ஏற்கவில்லை. நாவின் அமைப்பும் நிறமாற்றமும் அதில் விரிவாகப் பேசப்பட்டன.

அவ்விலங்கு ஏன் இறந்தது என்ற கேள்வி அந்நூலின் நோக்கத்துக்குள் வரவில்லை. அகாதெமியினருக்கு இறப்பு என்பது ஆய்வு தொடங்கும் நேரம். வெயில் நாட்டிலிருந்து பாரிசின் இலையுதிர் காலத்துக்கு வந்த ஓர் உயிருக்கு என்ன குறைந்தது என்று கேட்பதற்கான கருத்துச் சட்டகம் அப்போது உருவாகியிருக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1672இல், நாவலாசிரியை மதலேன் த ஸ்க்யூதெரிக்கு எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து பச்சோந்திகள் வந்தன. அவற்றை வீட்டில் வைத்துப் பேணிய அனுபவத்தை 'இரு பச்சோந்திகளின் வரலாறு' என்ற தலைப்பில் எழுதி 1688இல் வெளியிட்டார். விலங்குகள் உணர்வற்ற பொறிகளே என்ற தெக்கார்த்தியக் கருத்து செல்வாக்குடன் இருந்த காலம் அது. அக்கருத்தை ஸ்க்யூதெரி ஏற்கவில்லை. பெரோவின் மேசையில் இருந்தது 'பச்சோந்தி' என்னும் இனத்தின் ஒரு மாதிரி. ஸ்க்யூதெரியின் அறையில் இருந்தவை தனித்தனி விலங்குகள். நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று நாள்தோறும் ஒப்பிடத் தக்கவை.

நோயறிதலின் வரலாற்றில் இவ்வேறுபாடு முக்கியமானது. நோய் என்பது ஒரு தனி உடல் தன் வழக்கத்திலிருந்து விலகுவது. வழக்கம் தெரியாதவருக்கு விலகலும் தெரியாது. உடற்கூற்றியல் உறுப்புகளின் பெயரைத் தந்தது. விலகலைக் காணும் கண்ணை வளர்த்தவர்கள் விலங்கோடு நாட்களைக் கழித்தவர்கள். அறிவியல் வரலாற்றில் நெடுங்காலம் 'வரவேற்பறைப் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கப்பட்ட ஸ்க்யூதெரியின் எழுத்து, இக்கோணத்தில் பார்த்தால், வளர்ப்பு விலங்கின் நலக் குறிப்பேடுகளின் முன்னோடிகளில் ஒன்று.

3. கண்ணாடி தடுத்த கதிர்

சிறைப்பட்ட பச்சோந்திகளை அதிகம் முடமாக்கிய நோயின் காரணம் மனிதக் குழந்தைகளின் மருத்துவத்திலிருந்து வெளிப்பட்டது. கால்கள் வளைதல், தாடை ரப்பர்போல் மென்மையாதல், கிளையைப் பற்ற இயலாமை, இரையை நோக்கி நாவை வீச இயலாமை, இறுதியில் எலும்பு முறிவு ஆகியவை அதன் படிநிலைகள். இன்று அது வளர்சிதை மாற்ற எலும்பு நோய் என்று அழைக்கப்படுகிறது. தொழில்மயமான ஐரோப்பிய நகரங்களின் குழந்தைகளைத் தாக்கிய ரிக்கெட்ஸ் நோயோடு நெருங்கிய உறவுடையது.

1889இல் அறுவை மருத்துவர் ஜான் பிளாண்ட்-சட்டன் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் சிங்கக் குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வருவதைக் கவனித்தார். அவற்றின் உணவு வெறும் இறைச்சி. நொறுக்கிய எலும்பும் மீன் ஈரல் எண்ணெயும் பாலும் சேர்த்ததும் குட்டிகள் தேறின. 1919இல் பெர்லினின் குழந்தை மருத்துவர் ஹுல்ட்ஷின்ஸ்கி, ரிக்கெட்ஸ் உற்ற குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் புற ஊதா ஒளியில் வைத்துக் குணப்படுத்தினார். 1922இல் மக்காலமும் அவர் குழுவினரும் ஈரல் எண்ணெயில் இருந்த காரணப் பொருளைப் பிரித்தறிந்து வைட்டமின் டி எனப் பெயரிட்டனர். உணவும் ஒளியும் ஒரே நோயின் இரு மருந்துகள் என்பது தெளிவாயிற்று.

இந்த அறிவு ஊர்வனவற்றின் கூண்டுக்குள் நுழையப் பல பத்தாண்டுகள் ஆயின. 1927இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையின் புதிய ஊர்வன இல்லம் ஜோன் புரோக்டரின் திட்டப்படி திறக்கப்பட்டது. ஒவ்வொரு விலங்குக்கும் ஏற்ற வெப்பம் தருவதில் அது முன்னோடி. ஆனால் வீடுகளில் பச்சோந்தி வளர்த்தவர்கள் அதைச் சாளரத்தருகே, கண்ணாடித் தொட்டியில் வைப்பதே வெயில் தருவதாகும் என்று எண்ணினர். சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தை விடும், வெப்பத்தை உள்ளே தேக்கும். தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதா-பி கதிரைத் தடுத்துவிடும். வெயிலில் நனைந்துகொண்டே வெயில் பசியால் நலிந்த விலங்குகள் எத்தனையோ. உணவும் இதற்குத் துணைபோயிற்று. வளர்ப்புக்கு எளிதாகக் கிடைக்கும் சிள்வண்டில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். ஆகவே எலும்பிலுள்ள கால்சியத்தையே உடல் கரைத்து இரத்தத்துக்குத் தந்தது.

இந்நோயின் முதல் அறிகுறி பல நேரங்களில் நாவில் தெரிகிறது. நாவை வீசுவது தசைச் சுருக்கத்தின் செயல். தசைக்குக் கால்சியம் தேவை. நேற்றுவரை எட்ட இருந்த பூச்சியைப் பிடித்த விலங்கு இன்று அருகில் சென்று வாயால் கவ்வ முயன்றால், கால் வளைவதற்கு முன்பே நோய் தொடங்கிவிட்டது என்று பொருள் கொள்ளலாம். 'சோம்பல்' என்றும் 'குறி தவறுகிறது' என்றும் புறந்தள்ளப்பட்ட இக்குறி, பிற்கால மருத்துவ நூல்களில் எச்சரிக்கையாக இடம்பெற்றது.

4. ஹவாய்த் தோட்டத்தில் நிகழ்ந்த மருத்துவம்

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வானூர்திப் போக்குவரத்து பச்சோந்தியை மலிவான செல்லப்பிராணியாக்கியது. கென்யாவின் மலைப்பகுதிகளில் வாழும் மூன்று கொம்புடைய ஜாக்சன் பச்சோந்தி பெருமளவில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானது. 1972இல் ஹவாயின் ஒஆஹூ தீவிலுள்ள கானெஓஹே என்ற ஊரின் செல்லப்பிராணி வணிகர் ஒருவர் சில டஜன் ஜாக்சன் பச்சோந்திகளைத் தருவித்தார். நெடும்பயணத்தில் அவை மெலிந்து, உடல் வறண்டு வந்து சேர்ந்தன. அவர் அவற்றைத் தம் வீட்டுத் தோட்டத்துச் செடிகளில் விட்டார். இலைகளில் நீர், கண்ணாடி தடுக்காத வெயில், பூச்சி, இரவின் குளிர்ச்சி ஆகிய நான்கும் அங்கே இருந்தன. விலங்குகள் தேறின, தேறியதும் தோட்டத்தைவிட்டுப் போய்விட்டன.

மருத்துவ நோக்கில் அவர் செய்தது சரியான நோயறிதல், சரியான சிகிச்சை. வறட்சியைக் கண்ணால் கண்டு, அதற்கு வேண்டிய சூழலைத் தந்தார். சூழலியல் நோக்கில் விளைவு வேறு. அவற்றின் வழித்தோன்றல்கள் ஹவாய்த் தீவுகளிற் பரவி, அங்கு மட்டுமே வாழும் பூச்சிகளையும் நத்தைகளையும் உண்ணும் அயல் இனமாக இன்றும் நீடிக்கின்றன. ஓர் உயிரின் நலமும் ஒரு நிலத்தின் நலமும் எப்போதும் ஒரே திசையில் செல்வதில்லை என்பதற்கு இது தெளிவான சான்று.

வணிகம் பெருகப் பெருக நோயும் பெருகியது. 1977இல் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் அன்றைய கமிலியோ பேரினம் சேர்க்கப்பட்டது. 1990களின் நடுவில் மடகாஸ்கரிலிருந்து நான்கு இனங்கள் தவிர ஏனைய பச்சோந்திகளின் வணிகத்தை நிறுத்துமாறு சைட்டிஸ் நிலைக்குழு பரிந்துரைத்தது. காட்டிலிருந்து பிடிபட்டவை ஒட்டுண்ணிகளோடும் வறட்சியோடும் காயங்களோடும் வந்தன. 'பச்சோந்தி வளர்ப்புக்கு ஆகாத உயிர், எப்படியும் இறந்துவிடும்' என்ற பெயர் நிலைத்தது. பழைய தவறு புதிய வடிவில் திரும்பியது: வணிகம் உண்டாக்கிய நோய் விலங்கின் பிறவிக் குணமாக எழுதப்பட்டது.

இந்நிலையை மாற்றியவை மூன்று. முதலாவது, ஊர்வன மருத்துவம் தனித்துறையாக உருவானது. சிறைப்பட்ட ஊர்வனவற்றின் மருத்துவம் பற்றிய ஃபிரெட்ரிக் ஃபிரையின் விரிவான நூல் 1981இலும், டக்ளஸ் மேடர் தொகுத்த மருத்துவ-அறுவை நூல் 1996இலும் வந்தன. இடையே 1991இல் ஊர்வன, நீர்நில வாழ்வன மருத்துவர்களின் சங்கம் அமெரிக்காவில் தோன்றியது. இரண்டாவது, யேமன் பச்சோந்தி, பாந்தர் பச்சோந்தி போன்ற இனங்கள் வளர்ப்பிலேயே இனப்பெருக்கம் செய்யத் தொடங்கின. மூன்றாவது, புற ஊதா-பி தரும் விளக்குகள் வளர்ப்போர் கைக்கு எட்டின. நலமாகப் பிறந்து நலமாக வளர்ந்த பச்சோந்தி எப்படி இருக்கும் என்பதைப் பலர் முதன்முறையாகத் தொடர்ந்து காணும் வாய்ப்பு அப்போதுதான் அமைந்தது.

5. நிறம் சொல்வதும் சொல்லாததும்

பச்சோந்தி என்றதும் எல்லா மொழிகளிலும் நினைவுக்கு வருவது நிறமாற்றம். வியப்புக்குரிய வகையில், அதன் நலத்தைப் பற்றி மிகக் குழப்பமான செய்தி தருவதும் அதுவே. 1852இல் வியன்னாவின் உடலியலாளர் பிரூக்கே நிறமாற்றத்தின் உடலியலை ஆய்ந்து எழுதினார். 2015இல் ஜெனீவா ஆய்வாளர்கள், பாந்தர் பச்சோந்தியின் தோலணுக்களிலுள்ள குவானைன் நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று காட்டினர். விலங்கு அமைதியுற்றிருக்கும்போது படிகங்கள் நெருங்கியும், கிளர்ச்சியுறும்போது விலகியும் இருக்கும். பின்னணியோடு ஒன்றிப்போவதைவிட உள்நிலையை வெளிக்காட்டுவதே இம்மாற்றத்தின் முதன்மைப் பணி.

ஆகவே நெடுநேரம் கருத்திருக்கும் விலங்கைக் கண்டு கவலைப்படுவது நியாயமே. குளிர், அச்சம், வலி எல்லாம் தோலைக் கருமையாக்கும். ஆனால் காலையில் வெயிலை விரைந்து உறிஞ்சவும் அது கருக்கும். முட்டை சுமக்கும் பெண் யேமன் பச்சோந்தி, ஆணை விலக்குவதற்காக இருண்ட உடலில் பளிச்சிடும் புள்ளிகளைக் காட்டும். ஒரே கருமை ஓரிடத்தில் நோய், ஓரிடத்தில் நலம். அறிகுறியைச் சூழலோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்ற மருத்துவப் பாடத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

மருத்துவர்கள் இன்று நிறத்தைவிட அதிகம் நம்பும் குறிகள் வேறு. பகலில் கண் மூடியிருந்தால் அது உறக்கம் என்று விடப்படுவதில்லை. பகலில் உறங்கும் பச்சோந்தி நலமில்லாத பச்சோந்தி என்றே கொள்ளப்படுகிறது. கண்கள் குழிவிழுந்தால் வறட்சி. கண்ணிமை வீங்கினால் தொற்றோ வைட்டமின் ஏ குறைபாடோ. கழிவின் வெண்பகுதியான யூரேட் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மாறினால் நீர் போதவில்லை. அது நீடித்தால் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் மூட்டுகளிலும் உறுப்புகளிலும் படியும். வாயோரத்தில் வீக்கமும் சீழும் வாய்த் தொற்றைக் காட்டும். வெப்பம் மிகாத நேரத்திலும் வாய் திறந்து, மூக்கை மேல்நோக்கி உயர்த்தி, சளியோடு மூச்சுவிட்டால் நுரையீரல் தொற்றை ஐயுற வேண்டும். 'தலை நிமிர்ந்து, வாய் எப்போதும் திறந்து' என்று பிளினி எழுதிய தோற்றத்தை இக்கடைசிக் குறியோடு ஒப்பிடாமல் இருக்க இயலாது.

இரையாகும் உயிரினங்கள் தம் தளர்ச்சியை வெளியே காட்டாமல் மறைப்பது வழக்கம். காட்டினால் முதலில் வேட்டையாடப்படுவது அவையே. எனவே கண்ணுக்குப் புலப்படும் அளவு பச்சோந்தி தளரும்போது நோய் பல வாரம் முந்தியிருக்கும். எடையை வாரந்தோறும் குறித்துவைப்பதை மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

6. இயல்பை நோயெனக் கண்ட பிழை

நோயை இயல்பென்று கண்ட பழம்பிழைக்கு நேரெதிரான பிழை ஒன்றும் அண்மைக் காலத்தில் வெளிப்பட்டது. தென்மேற்கு மடகாஸ்கரில் வாழும் லபோர்ட் பச்சோந்தியைப் பற்றி 2008இல் கார்ஸ்டனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, அவ்வினம் ஆண்டின் பெரும்பகுதியை முட்டைக்குள்ளேயே கழித்து, பொரித்தபின் நான்கைந்து மாதங்களே வாழ்கிறது என்று காட்டியது. சிறைப்பட்ட பச்சோந்திகளின் விரைவான இறப்பு, சில இனங்களில், வளர்ப்பின் குற்றமாக இல்லாமல் இயல்பான வாழ்நாளின் முடிவாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினர். அனைத்து இறப்பும் நோயன்று.

முட்டையிடல் மற்றோர் எடுத்துக்காட்டு. முட்டை சுமக்கும் பெண் பச்சோந்தி இரையை மறுத்து, மரத்தைவிட்டு இறங்கி, அமைதியின்றித் தரையில் அலையும். வளர்ப்பவர் அதை நோய் என்று கருதி மீண்டும் மீண்டும் கிளையில் ஏற்றிவைப்பார். உண்மையில் அது மண் தோண்ட இடம் தேடுகிறது. ஈரமணல் கிடைத்தால் சிக்கல் தீரும். கிடைக்காவிட்டால் முட்டை உடலிலேயே தங்கி, அப்போது மெய்யான, உயிர்போக்கும் நோயாகும். நலமான நடத்தையை நோயாக வாசித்ததே நோயை உண்டாக்கியது. மிகுதியான உணவும் மிகுதியான வெப்பமும் யேமன் பச்சோந்தியின் முட்டைகளின் எண்ணிக்கையை அளவுமீறிப் பெருக்கும் என்பதும் பின்னர் தெரிந்தது. அன்பின் மிகுதியும் ஒரு நோய்க்காரணி.

ஊட்டச்சத்தும் அவ்வாறே. குறைபாட்டுக்கு அஞ்சி வைட்டமின் தூளைத் தாராளமாகத் தூவியவர்கள், ஏ, டி வைட்டமின்களின் மிகையால் வரும் நஞ்சேற்றத்தைக் கண்டனர். டெக்சாஸ் கிறித்தவப் பல்கலைக்கழகத்தின் கேரி ஃபெர்குசனும் அவருடன் பணியாற்றியோரும் 1990கள் முதல் பாந்தர் பச்சோந்திகளிடம் உணவின் வைட்டமின்களும் புற ஊதா ஒளியும் சேர்ந்து விளைவிப்பதை ஆராய்ந்தனர். 2009இல் வெளியான முடிவு கவனத்துக்குரியது: உணவில் வைட்டமின் டி3 குறைவாகப் பெற்ற பச்சோந்திகள் புற ஊதா ஒளியில் அதிக நேரம் இருந்தன, மிகுதியாகப் பெற்றவை அதைத் தவிர்த்தன. தன் உடலின் தேவையை அளந்து, வெயிலின் அளவைத் தானே முறைப்படுத்தும் ஆற்றல் அவ்வுயிருக்கு உண்டு. வளர்ப்பவர் தர வேண்டியது வெயிலும் நிழலும். அளவைத் தேர்ந்துகொள்வது விலங்கின் உரிமை.

பெரோவின் மேசையிலும் ஸ்க்யூதெரியின் அறையிலும் தொடங்கிய விவாதத்துக்கு இம்முடிவு ஒரு மறுமொழியாகவும் அமைகிறது. தன் குறையைத் தானறிந்து அதற்கேற்ப நடக்கும் உடலை வெறும் பொறியென்று கொள்வது எளிதன்று.

7. இந்தியாவில் இக்கேள்வி

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய பச்சோந்தி இனத்தை லாரென்டி 1768இல் சைலானிகஸ் என்று பெயரிட்டார். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அயல்நாட்டு இனங்களைப் பொறுத்தவரை, 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் பதிவுசெய்ய வேண்டும் என்று வகைசெய்தது. எனவே இங்குப் பச்சோந்தியின் நோயறிதல் பெரும்பாலும் மீட்பு மையங்களின் பணி. கடத்தலில் கைப்பற்றப்பட்டவை, சாலையில் அடிபட்டவை, வயலில் பிடிபட்டவை ஆகியவையே அங்கு வந்து சேர்கின்றன.

முதற்குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. இந்தியில் 'கிர்கிட்' என்ற சொல் பச்சோந்தியையும் நிறம்மாறும் தோட்ட ஓணானையும் ஒருங்கே குறிக்கப் பயன்படுகிறது. தமிழில் ஓணான், பச்சோந்தி எனத் தனிச்சொற்கள் இருந்தும் பேச்சில் அவை கலந்துவிடுகின்றன. ஓணான் விரைந்தோடும் உயிர். பச்சோந்தி அசைந்தாடி மெல்ல நடப்பது. ஓணானை அளவுகோலாகக் கொண்டவருக்கு, நலமான பச்சோந்தியின் நடையே தளர்ச்சியாகத் தோன்றும். முட்டையிட மரத்திலிருந்து இறங்கிச் சாலையைக் கடக்கும் பெண் பச்சோந்தியை 'மயங்கிக் கிடந்தது' என்று தூக்கிச் செல்வோர் நல்லெண்ணத்தாலேயே அதன் முட்டையிடலைக் குலைத்துவிடக்கூடும். மறுபுறம், அதை நஞ்சுடையது என்று அஞ்சி அடித்துக் கொல்வோரும் உண்டு. பச்சோந்திக்கு நஞ்சில்லை.

கால்நடை மருத்துவக் கல்வியின் மையத்தில் மாடும் ஆடும் கோழியும் இருப்பது இந்நாட்டின் தேவையை ஒட்டியது. ஆனால் பாலூட்டியின் அளவுகோலைக் கொண்டு ஊர்வனவற்றை அளப்பதன் விளைவை மேற்கண்ட வரலாறு காட்டுகிறது. மெல்ல இறக்கும் உயிரிடம் அவசரம் தெரிவதில்லை, கூக்குரல் எழுவதில்லை. மீட்பு மையத்தில் மூன்று வாரம் உண்ணாமல் இருந்தும் உயிரோடிருக்கும் பச்சோந்தியை 'நிலையாக உள்ளது' என்று பதிவேட்டில் எழுதுவது, பிளினியின் வரியை மீண்டும் எழுதுவதே ஆகும்.

பிடிக்கும் கையை மாற்றி நிற்பவனைப் பச்சோந்தி என்று ஏசுவது தமிழில் பழகிப்போன வழக்கு. அவ்வுயிர் தன் உள்நிலையை மறைக்க நிறம் மாறுகிறது என்ற எண்ணம் அவ்வசையின் அடியில் இருக்கிறது. அதன் தோல் உண்மையில் வெளியிடுவது குளிரையும் அச்சத்தையும் கருவுற்ற நிலையையும். வாசிக்கத் தெரியாமை இரண்டாயிரம் ஆண்டுகள் மனிதரிடமே இருந்தது. இன்று அந்த எழுத்துகளிற் சில கற்கப்பட்டுள்ளன: நாவின் எட்டம், கண்ணின் குழிவு, யூரேட்டின் நிறம், பகலுறக்கம், திறந்த வாய். இவற்றை நாள்தோறும் குறித்துவைக்கும் ஒரு பதிவேடு, ஒரு தராசு, இலையில் விழும் நீர், கண்ணாடி தடுக்காத வெயில் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு ஆவதில்லை. காற்றை உண்டு எந்தப் பச்சோந்தியும் வாழ்ந்ததில்லை.